குளம்புக்கு மூன்று

பிப்ரவரி. வொர்க்கும் ஊருக்கு வெளியே
ஏரிக்காற்று கொட்டிலுக்குள் பக்கவாட்டில் நுழைகிறது.
விப்ரென் ஹொய்ட்ஸ்மா முப்பத்தொரு மாடுகளை
வரிசையில் பூட்டி நிறுத்தியிருக்கிறான்.
எல்லாம் முதல் ஈற்று.
நான் அளவுகோலை எடுக்கிறேன்.

என் வேலை இது:
ஓர் உடம்பைப் பதினெட்டு எண்களாகப் பிரிப்பது.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை.
புட்டத்தின் சரிவு. மார்பின் அகலம்.
முன்மடி வயிற்றைப் பற்றியிருக்கும் உறுதி.
காம்புகளின் இடைவெளி.
பின்னங்கால், பக்கத்திலிருந்து பார்த்தால்
கொக்கியா கம்பா.
ஒன்பது என்றால் அழகு என்று நினைக்காதீர்கள்.
ஒன்பது என்றால் ஒன்பது, அவ்வளவுதான்.
பல சமயம் நடுவில் நிற்பவள்தான்
நெடுநாள் நிற்பாள்.

பதினோராவது இடத்தில் சீட்ஸ்கே 84.
அடுத்து சீட்ஸ்கே 85.
ஒரே தாய், ஒரே பொலிகாளை,
ஒரே காலையில் கழுவி எடுத்த கருக்கள்.
இரண்டு வேற்று வயிறுகளில் வளர்ந்து
ஆறு நாள் இடைவெளியில் விழுந்தவை.
உயரம் நூற்று நாற்பத்தொன்பது, நூற்று நாற்பத்தெட்டு.
நெற்றியில் அதே வெள்ளை,
ஒருத்திக்கு மட்டும் இடப்பக்கம் வழிந்திருக்கிறது.

84-இன் குளம்பில் கண் தடுக்கியது.
அவளை விட்டுவிட்டு 85-ஐ முடித்தேன்:
நிமிர்ந்த குளம்பு, ஆறு.
திரும்பி வந்தேன்.
84 தன் குதிகாலில் உட்கார்ந்திருந்தாள்.
மூன்று.

"மூன்றா?"
விப்ரென் மேலங்கிக்குள்ளிருந்து
மடித்து மடித்து நைந்த ஒரு காகிதத்தை எடுத்தான்.
கன்றாயிருந்தபோது காதில் துணுக்குக் கிள்ளி அனுப்பி
ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வாக்கு.
குளம்புக்கோணம்: சராசரிக்கு மேல்.
"பணம் கட்டியிருக்கிறேன்" என்றான்,
கேட்டால் குளம்பு திருந்திக்கொள்ளும் என்பதுபோல.

நூலைப் போல சேலை என்பது சரி.
எந்த நூல்?
உயரம் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான இழைகள்,
ஒவ்வொன்றும் தருவது மயிரிழைத் தடிமன்.
எதையும் உருவி இதுதான் உயரம் என்று காட்ட முடியாது.
ஒவ்வொரு கன்றுக்கும் சீட்டுக்கட்டு புதிதாகக் கலைகிறது.
அப்படியும் உயரத்தில் ஏறத்தாழப் பாதியை
இரத்தம் சொல்லிவிடும்.
குளம்பு வேறு. பத்தில் ஒரு பங்குதான் இரத்தம்.
மிச்சம் சிமெண்டுத் தரை, சாணிச் சேறு,
குளம்பு சீவுகிறவர் போன வாரம் வந்தாரா போன மாதமா,
இன்று காலை எந்தக் காலை ஊன்றி எழுந்தாள்.

கொட்டிலின் கோடியில் தீவனம் தள்ளும் அண்ணன் கெர்லோஃப்
ஒவ்வொரு உத்தரத்துக்கும் தலை குனிகிறான்.
விப்ரெனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவு:
"அந்தக் காகிதம் பத்தாயிரம் பசுக்களைப் பற்றியது.
இவளைப் பற்றியதல்ல."
"நான் கறப்பது இவளைத்தான்."
என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை.
அந்தக் கணக்கில் எனக்கும் ஓர் இடம் உண்டு.
என் மூன்றுகளையும் ஆறுகளையும்
சக ஊழியர்களுடையவற்றோடு உரசிப் பார்த்து,
இந்தப் பெண்மணி குளம்புக்குக் கஞ்சம், மடிக்குத் தாராளம்
என்று கண்டுபிடித்து,
கணினி என்னைக் கழித்துவிடும்.
இருபத்தாறு வருடம் பார்த்த கண்.
முதன்முதலில் கேட்டபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
இப்போது பழகிவிட்டது. சில மாலைகளில்
அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கிறது.

விப்ரென் காகிதத்தை மடித்தான்.
"போகட்டும், மூன்று."
அழுத்தினேன். எண் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் சீட்ஸ்கே 84
சாவகாசமாக எடையை வலப்பக்கம் மாற்றி
பின்னங்காலை அரையடி முன்னே வைத்தாள்.
குளம்பு நிமிர்ந்தது.
ஐந்து. சத்தியமாக ஐந்து.

விப்ரென் என்னைப் பார்த்தான்.
நான் பதின்மூன்றாமவளின் இடுப்போரம்
கோலை நிறுத்தி
உயரத்தை உரக்கப் படித்தேன்.